இணையம் இல்லாத லினக்ஸ் கணினியில் யுஎஸ்பி வைஃபை அடாப்டருக்கு இயக்கி நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸை நிறுவி முடித்த கணினியில் வைஃபை வரவில்லை. கடையில் வாங்கிய யுஎஸ்பி அடாப்டரைச் செருகினாலும் பயனில்லை. கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும். அந்த இணையத்துக்குத்தான் இந்த அடாப்டரே. இந்த நிலையில் இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. டெபியன் 12, உபுண்டு 22.04, உபுண்டு 24.04 ஆகியவற்றையும், அவற்றை அடியாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் போன்றவற்றையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழெழுத்தில் குறித்துள்ளேன்; முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

1. வேலையைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

இணையத்துக்கு உண்மையிலேயே வேறு வழி இல்லையா என்பதைத்தான். கையில் ஆண்ட்ராய்டு கைபேசி இருந்தால், அதை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, கைபேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இதற்குத் தேவையான இயக்கிகள் லினக்ஸின் மையக்கருவான கெர்னலோடு ஏற்கெனவே வருவதால், சில நொடிகளில் கணினி அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். மொபைல் டேட்டா செலவாகுமே என்று தயங்க வேண்டியதில்லை. கைபேசி வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் பெரும்பாலான கைபேசிகள் அந்த வைஃபையையே கேபிள்வழி கணினிக்குக் கொடுத்துவிடும். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் மலிவான கேபிள்களில் தரவு செல்லாது என்பதால், டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஐபோனில் இதே வசதிக்குக் கணினியில் யுஎஸ்பிமக்ஸ்டி என்ற பொதி (நிறுவத்தக்க மென்பொருள் கட்டு) இருக்க வேண்டும்.

இந்த வழி கிடைத்துவிட்டால், கீழே பென் டிரைவ் பற்றிச் சொல்லியிருப்பவை உங்களுக்குத் தேவைப்படாது. எது குறைகிறது என்று கண்டறியும் பகுதி மட்டும் தேவைப்படும்.

2. செருகினால் எதுவுமே நடக்கவில்லை. இயக்கி இல்லை என்று முடிவு செய்துவிடலாமா?

கூடாது. இயக்கி இல்லை என்று சொல்லி வருபவர்களின் கணினியில் குறைவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, இயக்கி இருக்கிறது, ஆனால் அந்தச் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லை. இரண்டாவது, கெர்னலில் அந்தச் சிப்புக்கான இயக்கியே இல்லை. மூன்றாவது, அடாப்டர் தன்னை வைஃபை கருவியாகவே காட்டிக்கொள்ளாமல் குறுந்தகடு போல நடிக்கிறது. முதலாவதற்கு ஒரே ஒரு சிறு கோப்பு போதும். இரண்டாவதற்கு ஒரு பை நிறையப் பொதிகள் வேண்டும். மூன்றாவதற்கு எதையுமே சுமந்து வர வேண்டியதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் இணையமுள்ள இடத்துக்குப் போனால் இரண்டு மூன்று முறை அலைய நேரும்.

கண்டறிவதற்கு இரண்டு கட்டளைகள் போதும். எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டினால், செருகியுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி வரும். அதில் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட இரு நான்கு இலக்க எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக 2357:0109 என்று வந்தால், 2357 என்பது டிபி-லிங்க் நிறுவனத்தைக் குறிக்கும். 0109 என்பது ரியல்டெக் ஆர்டிஎல்8192இயூ சிப்பைக் கொண்ட டிஎல்-டபிள்யூஎன்823என் அடாப்டரின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளைக் குறிக்கும். இந்த எட்டு இலக்கங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணோடு ஆங்கில எழுத்துகள் கலந்து வருவதும் உண்டு. அவையும் பதினாறடிமான எண்களே.

அடுத்தது, டி, எம், இ, எஸ், ஜி என ஐந்தெழுத்தாக எழுதப்படும் டிமெசேஜ் கட்டளை. நிர்வாகி உரிமை தரும் சூடோவைச் சேர்த்து, -டபிள்யூ என்ற விருப்பத்தோடு அதை ஓடவிட்டு, அடாப்டரைப் பிடுங்கி மீண்டும் செருகுங்கள். கெர்னல் பேசுவது வரிவரியாகத் தெரியும். ஏதோ ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, அந்த ஃபர்ம்வேரை ஏற்றும் முயற்சி -2 என்ற பிழையோடு தோற்றது என்று வந்தால் உங்கள் சிக்கல் முதல் வகை; -2 என்பதற்கு அப்படியொரு கோப்பு இல்லை என்பதே பொருள். புதிய யுஎஸ்பி கருவி வந்திருக்கிறது, தயாரிப்பாளர் பெயர் இன்னது என்பதோடு பேச்சு நின்றுவிட்டால் இரண்டாம் வகை. யுஎஸ்பி சேமிப்புக் கருவி, எஸ்ஆர்0 என்றெல்லாம் வந்தால் மூன்றாம் வகை. எதுவுமே வரவில்லை என்றால் வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். அங்கும் அமைதி என்றால் அடாப்டரே பழுது.

3. பெட்டியில் அச்சிட்டுள்ள மாதிரிப் பெயரை வைத்துத் தேடினால் போதாதா?

போதாது. இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என். அதன் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் ஏஆர்9271 சிப். இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ் சிப் வந்துவிட்டது. உறையும் பெயரும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது வேறு கருவி. ஒன்றுக்கான வழிமுறை மற்றொன்றுக்குச் சற்றும் பொருந்தாது. முதல் பதிப்பைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பைப் படித்துவிட்டு மூன்றாம் பதிப்போடு மல்லுக்கட்டியவர்கள் ஏராளம். பெயர் எதுவும் அச்சிடாத மலிவு அடாப்டர்களிலோ நிலைமை இன்னும் மோசம். எல்எஸ்யுஎஸ்பி காட்டும் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

4. எந்தச் சிப்புகளுக்குக் கெர்னலிலேயே இயக்கி இருக்கிறது?

ஏஆர்9271, ராலிங்க் ஆர்டி5370 போன்ற பழைய சிப்புகளுக்கு நெடுங்காலமாக இருக்கிறது. மலிவான குட்டி அடாப்டர்களில் பரவலாகக் காணப்படும் மீடியாடெக் எம்டி7601யூ சிப்புக்கு 2015-இல் வெளிவந்த 4.2 கெர்னலிலிருந்து உண்டு. இவற்றில் சிக்கல் வந்தால் அது பெரும்பாலும் ஃபர்ம்வேர் சிக்கலே.

ரியல்டெக்கின் கதை வேறு. பல ஆண்டுகளாக அந்நிறுவனத்தின் யுஎஸ்பி சிப்புகளில் பலவற்றுக்குக் கெர்னலுக்கு வெளியே இருக்கும் மூலநிரலைத்தான் நாடவேண்டி இருந்தது. 2023 தொடக்கத்தில் வந்த 6.2 கெர்னலில் ஆர்டிஎல்8822பியூ, ஆர்டிஎல்8821சியூ போன்றவற்றுக்கும், 2025 ஜனவரியில் வந்த 6.13 கெர்னலில் ஆர்டிஎல்8812ஏயூ, ஆர்டிஎல்8821ஏயூ ஆகியவற்றுக்கும் இயக்கி உள்ளேயே வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இன் கெர்னல் 6.12, அதாவது ஆர்டிஎல்8812ஏயூ வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு படியில் தவறவிட்டார்கள். உங்கள் கெர்னல் எது என்பதை யுநேம் -ஆர் கட்டளை காட்டும். மூலநிரலைத் தொகுக்கும் வேலையில் இறங்குவதற்கு முன், உங்கள் வெளியீட்டுக்கான புதிய கெர்னல் பொதிகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவ முடியுமா என்று பார்ப்பதே என் பரிந்துரை. தொகுப்பதைவிட அது எளிது, ஆயுளும் அதிகம்.

5. ஃபர்ம்வேர் மட்டுமே இல்லை என்று தெரிந்தது. என்ன செய்வது?

உங்களுக்கு நல்ல நேரம். டிமெசேஜ் எந்தக் கோப்பின் பெயரைச் சொன்னதோ அது அடங்கிய பொதியை இணையமுள்ள கணினியில் பதிவிறக்குங்கள். டெபியன் 12-இல் ரியல்டெக் சிப்புகளுக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக், எம்டி7601யூ, ஆர்டி5370 ஆகியவற்றுக்கு ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ என்ற பொதி. உபுண்டுவில் அநேகமாக எல்லாமே லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே பெரிய பொதிக்குள் இருக்கும். ஃபர்ம்வேர் பொதிகளுக்குச் சார்புகள் (உடன் தேவைப்படும் பிற பொதிகள்) ஏறக்குறைய இல்லை என்பதால், டிபிகேஜி -ஐ என்று கொடுத்து நிறுவிவிடலாம். பொதி கிடைக்காவிட்டால் அந்த ஒரு கோப்பை மட்டும் லிப் அடைவுக்குள் உள்ள ஃபர்ம்வேர் அடைவில் நகலெடுத்தாலும் போதும். ஆனால் டிமெசேஜ் சொன்ன பெயரும் உள்ளடைவும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். பிறகு அடாப்டரைப் பிடுங்கிச் செருகினால் விளக்கு எரியும்.

டெபியனின் பழைய பதிப்புகளில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்தது, ஏனென்றால் கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை நிறுவல் வட்டில் வைப்பதில்லை என்பது அத்திட்டத்தின் கொள்கை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. எனவே டெபியன் 11-இல் தவிப்பவர்கள் புதிய வெளியீட்டின் வட்டிலிருந்து நிறுவிப் பார்ப்பதும் ஒரு வழியே.

6. இயக்கியே இல்லை, மூலநிரலிலிருந்துதான் தொகுக்க வேண்டும். எவற்றைக் கொண்டுவர வேண்டும்?

நான்கு பொருள்கள்: இயக்கியின் மூலநிரல், உங்கள் கெர்னலுக்கான ஹெடர் பொதிகள் (இயக்கியைத் தொகுக்கத் தேவையான கெர்னல் விவரக் கோப்புகள்), ஜிசிசி மற்றும் மேக் ஆகிய தொகுப்புக் கருவிகள், கெர்னல் மாறும்போது இயக்கியை மறுபடி தொகுக்கும் டிகேஎம்எஸ். ஆர்டிஎல்8812ஏயூ சிப்புக்கு ஏர்கிராக்-என்ஜி குழு பராமரிக்கும் மூலநிரலைக் கிட்ஹப் தளத்திலிருந்து ஜிப் (சுருக்கப்பட்ட) கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். கிட் நிரல் தேவையில்லை.

பலரும் சறுக்குவது ஹெடரில். யுநேம் -ஆர் காட்டும் எண்ணுக்கு இம்மியும் பிசகாத ஹெடர் வேண்டும். உபுண்டு 24.04 முதலில் வெளிவந்தபோது இருந்த கெர்னல் 6.8.0-31-ஜெனரிக். அதற்கு 6.8.0-35-க்கான ஹெடரைக் கொண்டுவந்தால், நிறுவல் என்னவோ எந்தக் குறையும் சொல்லாமல் முடியும், தொகுப்புதான் நடக்காது. மேலும் உபுண்டுவில் ஹெடர் என்பது ஒரு பொதியன்று, இரண்டு: ஜெனரிக் என்று முடிவது ஒன்று, அந்தச் சொல் இல்லாத பொதுப்பொதி மற்றொன்று. டெபியனில் இவற்றோடு கேபில்ட் என்ற பொதியும் சேரும். ஆனால் பதறுவதற்கு முன் யுஎஸ்ஆர் அடைவுக்குள் உள்ள எஸ்ஆர்சி அடைவைத் திறந்து பாருங்கள்; உபுண்டு டெஸ்க்டாப்பில் ஹெடர்கள் பெரும்பாலும் முன்பே நிறுவப்பட்டிருக்கும், ஜிசிசியும் மேக்கும்தான் இருக்காது.

ஜிசிசியிலும் ஒரு கண்ணி உண்டு. உபுண்டு 22.04-இன் இயல்பான தொகுப்பி ஜிசிசி-11. ஆனால் அதே வெளியீட்டுக்குப் பின்னர் வந்த 6.5 கெர்னல் ஜிசிசி-12 கொண்டு தொகுக்கப்பட்டது. ஜிசிசி என்ற பொதுப்பெயரில் எல்லாவற்றையும் கொண்டுவந்து, ஹெடரையும் சரியாகப் பொருத்தி, மேக் என்று தட்டினால், ஜிசிசி-12 காணவில்லை என்ற ஒற்றை வரியோடு வேலை நின்றுவிடும். அந்தக் கணினி அப்போது பத்து கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் அறிந்தே சொல்கிறேன். ப்ராக் அடைவுக்குள் உள்ள வெர்ஷன் என்ற கோப்பைக் கேட் கட்டளையால் பார்த்தால், கெர்னல் எந்தத் தொகுப்பியால் உருவானது என்று எழுதியிருக்கும். கிளம்பும் முன் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஒரு பொதி இன்னொன்றைக் கேட்கிறது, அது மற்றொன்றைக் கேட்கிறது. இவற்றை ஒரே நடையில் எப்படித் திரட்டுவது?

ஒவ்வொன்றாகத் தளத்தில் தேடி இறக்காதீர்கள். நான்காவது பொதியிலேயே கணக்குத் தவறிவிடும். எனக்குப் பிடித்த வழி இது: எந்த நிறுவல் பென் டிரைவிலிருந்து இந்தக் கணினியில் லினக்ஸை நிறுவினீர்களோ அதையே இணையமுள்ள வேறொரு கணினியில் செருகி, எதையும் நிறுவாமல் நேரலை முறையில் துவக்குங்கள். கெர்னலும் பொதிகளின் நிலையும் ஏறக்குறைய உங்கள் கணினியைப் போலவே இருக்கும். அங்கே ஆப்ட் அப்டேட் செய்துவிட்டு, தேவையான பொதிகளின் பெயர்களோடு டவுன்லோட்-ஒன்லி என்ற விருப்பத்தைச் சேர்த்து ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கொடுத்தால், வேண்டிய சார்புகள் யாவும் இறங்கி, வார் அடைவுக்குள் கேஷ், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஆர்கைவ்ஸ் என்ற அடைவில் சேர்ந்திருக்கும். கணினியை அணைத்தால் அவை போய்விடும் என்பதால், அணைப்பதற்கு முன்பே வேறொரு பென் டிரைவுக்கு மாற்றுங்கள். ஹெடரின் பெயரில் மட்டும் முழுக் கெர்னல் எண்ணையும் தட்டச்சிடுங்கள்.

உங்கள் கணினி எப்போதாவது இணையத்தில் இருந்து, பொதிப்பட்டியல் இறங்கியிருந்தால், ஆப்ட்-கெட்டில் பிரின்ட்-யூஆர்ஐஸ் என்ற விருப்பத்தைச் சேர்க்கலாம். தேவையான எல்லாக் கோப்புகளின் முகவரிகளையும் அது பட்டியலிடும், அதை எடுத்துப்போய் எந்தக் கணினியிலும் இறக்கலாம். பட்டியலே இறங்கியிராத புதுக்கணினியில் இது உதவாது.

திரட்டியவற்றை ஒரே அடைவில் வைத்து, ஒரே டிபிகேஜி -ஐ கட்டளையில் அத்தனையையும் சேர்த்து நிறுவுங்கள். வேறு வெளியீட்டின் பொதிகளைக் கலப்பதும், குறைபட்ட சார்பைக் கட்டாய விருப்பம் கொடுத்துத் தாண்டுவதும் வேண்டாம்; ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் எல்ஐபிசி6 பொதி குலைந்தால் வைஃபை அன்று, கணினியே போய்விடும்.

8. தொகுக்கும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

மூலநிரலைப் பென் டிரைவில் வைத்தே தொகுக்கத் தொடங்காதீர்கள். பென் டிரைவுகள் பெரும்பாலும் ஃபேட்32 வடிவில் இருக்கும். அதில் குறியீட்டு இணைப்புகளும் செயலாக்க அனுமதிகளும் நிலைக்காது. தவிர, பென் டிரைவின் பெயரில் இடைவெளி இருந்தால் பாதையிலும் இடைவெளி வந்து, கெர்னலின் தொகுப்பு முறை அங்கேயே முறிந்துவிடும். சுருக்கப்பட்ட கோப்பாகவே ஹோம் அடைவுக்கு நகலெடுத்து, இடைவெளி இல்லாத பெயருள்ள அடைவில் விரியுங்கள்.

பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருப்பதைக் கண்டு மேக் எச்சரிக்கும், சில பகுதிகளைத் தொகுக்காமலும் விட்டுவிடும். இணையம் இல்லாததால் கடிகாரம் தானாகத் திருந்தாது. டேட் கட்டளையால் நீங்களே திருத்துங்கள்.

அதன்பின் டிகேஎம்எஸ் வழியே நிறுவுவதே நல்லது. டெல் நிறுவனத்தில் உருவான இந்தக் கருவி, கெர்னல் மாறும்போதெல்லாம் இயக்கியைத் தானே மறுபடி தொகுத்துக் கொடுக்கும். வெறும் மேக் இன்ஸ்டால் செய்தால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பின்போது வைஃபை மீண்டும் மறைந்துவிடும்.

9. தொகுப்பு நன்றாக முடிந்தது, ஆனால் இயக்கியை ஏற்றும் மோட்புரோப் கட்டளையைக் கொடுத்தால் சாவி நிராகரிக்கப்பட்டது என்கிறது. ஏன்?

நம்பகமான கையொப்பம் உள்ளவற்றை மட்டுமே ஏற்றவிடும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்கிறது. நீங்கள் தொகுத்த மாட்யூலின் (கெர்னலில் ஏறும் இயக்கிக் கோப்பின்) கையொப்பம் அதற்குத் தெரியாது. உபுண்டுவில் டிகேஎம்எஸ் நிறுவும்போதே ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். மறுதுவக்கத்தில் நீலத்திரை ஒன்று வந்து பத்து நொடிகள் மட்டுமே காத்திருக்கும். அதற்குள் ஏதேனும் ஒரு விசையை அழுத்தி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். தேநீர் எடுத்துவரப் போனால் தவறிவிடும். தவறினால் மோக்யுடில் கட்டளையின் இம்போர்ட் விருப்பத்தால் சாவியை மறுபடி பதிந்து, மீண்டும் துவக்குங்கள். இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்திவிடலாம். விண்டோஸும் அதே கணினியில் இருந்து, அதில் பிட்லாக்கர் இயங்கினால், மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள்.

10. எல்எஸ்யுஎஸ்பியில் வைஃபைக்குப் பதில் குறுந்தகடு போலக் காட்டுகிறது. பழுதா?

பழுதன்று. விண்டோஸ் இயக்கியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் அடாப்டர்கள் முதலில் குறுந்தகடாகத் தோன்றும். ரியல்டெக் அடாப்டர்களில் எண்ணின் பிற்பாதி 1ஏ2பி என்றிருப்பது இதன் அடையாளம். இஜெக்ட் கட்டளையால் எஸ்ஆர்0 கருவியை வெளியேற்றுங்கள். பெரும்பாலும் அடாப்டர் தன்னை விடுவித்துக்கொண்டு வேறு எண்ணோடு மீண்டும் தோன்றும். அந்தப் புதிய எண்ணை வைத்து இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்யாதிருக்க யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பொதி உதவும்.

11. அடாப்டரோடு வந்த குறுந்தகட்டில் உள்ள விண்டோஸ் இயக்கியைப் பயன்படுத்த முடியுமா?

முடியாது. ஒரு காலத்தில் என்டிஐஎஸ்ராப்பர் என்ற கருவி விண்டோஸ் எக்ஸ்பி கால இயக்கிகளை லினக்ஸில் ஓட்டியது. இன்றைய கெர்னல்களோடு அதை முயல்வது நேர விரயம். சில குறுந்தகடுகளில் லினக்ஸ் என்றொரு அடைவும் இருக்கும். அதிலுள்ள மூலநிரல் பல ஆண்டுகள் பழையது என்பதால், புதிய கெர்னலில் தொகுபடாது.

12. மாட்யூல் ஏறிவிட்டது, டபிள்யூலேன்0 மட்டும் வரவில்லை. எங்கே பிழை?

அநேகமாகப் பிழையே இல்லை. இப்போதைய வெளியீடுகளில் யுஎஸ்பி அடாப்டருக்கு டபிள்யூஎல்எக்ஸ் என்ற மூன்றெழுத்தும் அதனைத் தொடர்ந்து அடாப்டரின் தனி வன்பொருள் எண்ணான மேக் முகவரியின் பன்னிரண்டு இலக்கங்களும் சேர்ந்த நீண்ட பெயர் வரும். ஐபி லிங்க் கட்டளையில் அதைத் தேடுங்கள். பெயர் இருந்தும் வலையமைப்புகள் தெரியாவிட்டால், ஆர்எஃப்கில் லிஸ்ட் கொடுத்து வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆர்டிஎல்8192இயூ போன்ற சிப்புகளில் கெர்னலின் சொந்த இயக்கியும் நீங்கள் தொகுத்த இயக்கியும் ஒரே கருவிக்குப் போட்டியிடுவதும் உண்டு. அப்போது இடிசி அடைவுக்குள் உள்ள மோட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பைத் தொடங்கி, வேண்டாத இயக்கியை பிளாக்லிஸ்ட் என்ற சொல்லோடு ஒரு வரியில் எழுதி மறுதுவக்கம் செய்யுங்கள்.

13. இணையம் வந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக், டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுப்பொதியை நிறுவுங்கள். இது இருந்தால்தான் புதிய கெர்னலோடு அதற்குரிய ஹெடரும் தானாக இறங்கும், டிகேஎம்எஸ்ஸும் தன் வேலையைச் செய்ய முடியும். பென் டிரைவில் கொண்டுவந்தது அந்த ஒரு கெர்னலுக்கான ஹெடர் மட்டுமே. புதுப்பித்தபின் வைஃபை வரவில்லை என்றால், கணினியைத் துவக்கும்போது கிரப் பட்டியலின் மேம்பட்ட விருப்பங்களில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் இயக்கி அப்படியே இருக்கும், விட்டுப்போன ஹெடரை அங்கிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.